கோதிக் பேராலயத்துக்குள் தலை ஏன் தானாக மேலே போகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: பிரான்ஸ் போய் வந்தவர்கள் ஷார்த்ர் பேராலயத்தைப் பற்றிப் பேசும்போது, உள்ளே நுழைந்ததும் பேச்சே வரவில்லை என்கிறார்கள். இன்றைக்கு விமான நிலையங்களிலும் மால்களிலும் பிரம்மாண்டமான கூடங்களைப் பார்க்கிறோம். அங்கே யாருக்கும் பேச்சு நின்றுபோவதில்லை. 800 வருடத்துக்கு முந்தைய ஒரு கல் கட்டடத்தில் அப்படி என்னதான் செய்தார்கள்?

ஷார்த்ர் கோதிக் பாணிக் கட்டடம். 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றி உருவான கட்டடக்கலைப் பாணி அது. சுருக்கமாகச் சொன்னால், கூரையின் பாரம் எங்கே போய் இறங்குகிறது என்பது உள்ளே நிற்பவருக்குத் தெரியாதபடி கட்டினார்கள். தாங்கும் வேலை பெரும்பாலும் வெளியே நடக்கிறது, அதன் பலன் மட்டும் உள்ளே இருக்கிறது. உயரம், வண்ணக் கண்ணாடி, எதிரொலி எல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டின் மேல் நிற்பவை. விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டடங்களை ‘உயரமானவை, அழகானவை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு எப்போதும் மனத்தாங்கலான விஷயம்.

முதலில் உயரம். ஷார்த்ரின் நடுக்கூடம் தரையிலிருந்து கல் கூரை வரை ஏறக்குறைய 37 மீட்டர். பன்னிரண்டு மாடிக் கட்டட உயரம். ஆனால் அகலம் சுமார் 16 மீட்டர்தான். 1220-இல் ஆரம்பித்த அமியேன் பேராலயத்தில் உயரம் 42 மீட்டரைத் தாண்டுகிறது, அகலமோ 15 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. விமான நிலையக் கூடத்தில் கணக்கு தலைகீழ். அங்கே அகலம் உயரத்தைப் போலப் பல மடங்கு இருக்கும். நம் கண் உயரத்தை மீட்டர் போட்டு அளப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் அகலத்தை வைத்துத்தான் அளக்கிறது. அதனால் 42 மீட்டர் உயரமுள்ள ஒரு ஒடுக்கமான கூடம், அதே உயரமுள்ள பரந்த கூடத்தைவிட மிக உயரமாகத் தெரியும். அமியேனைத் திட்டமிட்ட ராபர் த லுசார்ஷுக்கும் அவருக்குப் பின் வேலையை எடுத்து நடத்திய தொமா த கோர்மோனுக்கும் இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, கண்ணை மேலே இழுக்கும் கோடுகள். தூண்களை ஒட்டி மெல்லிய கல் தண்டுகள் எழுகின்றன. தூணின் தலைப்பைத் தாண்டியும் அவை நிற்பதில்லை. சுவரோடு ஒட்டி ஏறி, மேல் ஜன்னல்களுக்கு நடுவே நுழைந்து, அங்கே பிரிந்து, கூரையின் அடியில் விலா எலும்பு மாதிரி ஓடும் கல் வளைவுகளாக, அதாவது விலாக்களாக, வளைந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் விலாக்களோடு உச்சியில் சேர்கின்றன. தரையில் ஒரு தண்டைப் பார்க்க ஆரம்பித்தால் பார்வையை நிறுத்த வசதியான இடமே கிடைக்காது. கழுத்து தானாக நிமிர்வதற்கு உடனடிக் காரணம் இதுதான்.

ஷார்த்ரில் தூண்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஒரு தூணின் நடுப்பகுதி உருண்டை, அதை ஒட்டிய நான்கு தண்டுகளும் எட்டுப் பட்டை. அடுத்த தூணின் நடுப்பகுதி எட்டுப் பட்டை, தண்டுகள் உருண்டை. வரிசை நெடுக இப்படி மாறி மாறி வருகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அதன் வேலையை அது செய்துவிடுகிறது. உருண்டையில் வெளிச்சம் மெல்ல மங்குகிறது, பட்டையில் வெட்டு வெட்டாக மாறுகிறது. ஒரே மாதிரித் தூண்கள் வரிசையாக நிற்கும்போது வரும் சலிப்பு இங்கே வராததற்கு இது ஒரு காரணம்.

சரி, இவ்வளவு உயரத்தில் கல்லால் கூரை போட வேண்டிய அவசியம் என்ன? பெரிய காரணம், தீ. மரக்கூரை போட்ட கோயில்கள் அடிக்கடி எரிந்தன. ஷார்த்ரிலேயே இன்றைய கட்டடம் எழக் காரணம், 1194 ஜூனில் நடந்த தீ விபத்துதான். கல் கூரை இருந்தால், அதற்கு மேலே இருக்கும் மரச்சட்டமும் ஈயத் தகடும் எரிந்தாலும் உள்ளே இருப்பது பிழைக்கும். 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் உலகமே அதைப் பார்த்தது. ஓக் மரச்சட்டம் முழுக்க எரிந்துபோனது. கோபுர முனை சரிந்து கல் கூரையைச் சில இடங்களில் ஓட்டை போட்டது. மற்ற இடங்களில் கல் கூரை தாங்கி நின்றது. எரிகிற கட்டைகளில் பெரும்பகுதி அதன் முதுகிலேயே கிடந்தது. எட்டு நூற்றாண்டுக்கு முன் கட்டியவர்கள் எதற்காக அதைப் போட்டார்களோ அந்த வேலையை அது அன்று செய்தது.

ஆனால் கல் கூரைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வளைவு எதுவானாலும் கீழே அழுத்துவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டைச் சாய்த்து நிறுத்தினால் கால்கள் வெளிப்பக்கம் வழுக்கப் பார்க்குமே, அதே கதைதான். கோதிக்குக்கு முந்தைய ரோமனெஸ்க் காலத்தில் நீளமான அரை உருளைக் கூரை போட்டார்கள். அது சுவரின் முழு நீளத்தையும் தள்ளும். அதனால் சுவர் முழுக்கக் கனமாக இருந்தாக வேண்டும், ஜன்னல் சின்னதாக இருந்தாக வேண்டும். அந்தக் கோயில்களுக்கும் தனி அழகு உண்டு. ஆனால் உள்ளே நிற்பவருக்கு ‘நான் ஒரு கோட்டைக்குள் இருக்கிறேன்’ என்பது மறக்காது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது மூன்று பொருள்களின் கூட்டு: கூர் வளைவு, விலாக் கூரை, பறக்கும் முட்டு. மூன்றுமே கோதிக் ஆட்கள் மட்டும் கண்டுபிடித்தவை என்று சொல்ல முடியாது. கூர் வளைவு இஸ்லாமியக் கட்டடங்களில் வெகு காலமாக இருந்தது. இங்கிலாந்தில் 1093-இல் ஆரம்பித்த டர்ஹம் பேராலயத்தில் விலாக் கூரை இருந்தது. மூன்றையும் ஒரே நோக்கத்துக்காகக் கோத்ததுதான் 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றி நடந்தது.

கூர் வளைவின் வசதியைக் கொத்தனார் பார்வையில் பார்த்தால் உடனே பிடிபடும். அரைவட்ட வளைவில் அகலம் எவ்வளவோ அதில் பாதிதான் உயரம், வேறு வழியில்லை. ஒரு செவ்வகக் கட்டத்துக்குக் கூரை போடும்போது நீளப் பக்கம், குறுகிய பக்கம், மூலைவிட்டம் என்று மூன்று அகலங்கள் வரும். அரைவட்டமாகப் போட்டால் மூன்றும் மூன்று உயரத்தில் முடியும். பிறகு ஒன்றைத் தூக்கி, ஒன்றைத் தாழ்த்தி ஒப்பேற்ற வேண்டும். கூர் வளைவில் அந்தத் தொல்லை இல்லை. அகலம் எதுவாக இருந்தாலும் வளைவைச் செங்குத்தாக்கியோ படுக்க வைத்தோ எல்லா உச்சிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். அதோடு, கூர் வளைவு செங்குத்தாக இருப்பதால் பக்கவாட்டில் தள்ளுவதும் குறைகிறது.

விலாக்கள் வந்ததும் கூரை போடும் முறையே மாறியது. முதலில் மரத்தில் சென்ட்ரிங் சட்டம் அடித்து விலாக்களை மட்டும் கட்டிவிடுவார்கள். விலாக்களை உச்சியில் பூட்டும் கல்லான சாவிக்கல் உட்கார்ந்ததும், விலாக்களுக்கு நடுவே உள்ள இடத்தை மெல்லிய கல்லால் மூடுவார்கள். ஒரு கட்டம் முடிந்ததும் அதே சட்டத்தைக் கழற்றி அடுத்த கட்டத்துக்கு நகர்த்தலாம். விலாதான் கூரையைத் தாங்குகிறதா, இல்லை வெறும் கோடா என்று கட்டடவியலில் நெடுநாள் விவாதம் ஒன்று உண்டு. உலகப் போர்க் குண்டுவீச்சில் சில இடங்களில் விலா உதிர்ந்த பிறகும் மேலே இருந்த கல் மூடி விழாமல் நின்றது. ஆகவே கட்டி முடித்த பிறகு விலாவின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். கீழே நிற்பவர் கண்ணுக்கோ அது எல்லாப் பாரத்தையும் பிடித்துக்கொண்டு போகும் நரம்பு மாதிரியே தெரிகிறது. அதுவும் முக்கியம்தான்.

இப்போது பாரமும் உதைப்பும் சுவரின் முழு நீளத்திலும் பரவாமல், ஒவ்வொரு கட்டத்தின் மூலைகளில் மட்டும் குவிகின்றன. அங்கே மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், நடுவே சுவர் தேவையில்லை. எதை வைத்துப் பிடிப்பது? உள்ளே தூணைப் பருமனாக்கினால் இடம் கெட்டுப்போகும். அதனால் வெளியே தள்ளி, பக்கக் கூடத்தின் கூரைக்கும் அப்பால், கனமான கல் மேடைகளை, அதாவது தடித்த முட்டுத் தூண்களை, எழுப்பினார்கள். அங்கிருந்து அரை வளைவு ஒன்றை வெட்டவெளியில் பாய்ச்சிக் கூரை தள்ளும் இடத்தில் முட்டுக் கொடுத்தார்கள். அதுதான் பறக்கும் முட்டு. பொதுவாக இரண்டு அடுக்காக இருக்கும். கீழ் அடுக்கு கல் கூரையின் உதைப்பை வாங்குகிறது. மேல் அடுக்கு, உயரமான மரக்கூரையின் மேல் காற்று மோதும்போது வரும் தள்ளலை வாங்குகிறது. மேடைகளின் உச்சியில் ஊசிக் கோபுரம் மாதிரி நிற்பவற்றைப் பலரும் அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அலங்காரம்தான், ஆனால் அதன் எடை மேடையின் தலையை அழுத்திப் பிடித்துக் கற்கள் வழுக்காமலும் பார்த்துக்கொள்கிறது. பல பேராலயங்களில் மழைநீர் வடிகாலும் இந்த முட்டுகளின் முதுகில்தான் ஓடுகிறது. மேல் கூரையில் விழும் தண்ணீர் முட்டின் மேல் வெட்டிய வாய்க்கால் வழியாக இறங்கி, கடைசியில் விலங்கு முகக் கல் குழாய்களின் வாயால் சுவரைவிட்டுத் தள்ளிப் போய் விழுகிறது.

இவ்வளவும் உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் விஷயம். உள்ளே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது மெல்லிய தண்டுகளும் கண்ணாடியும் மட்டுமே. இவ்வளவு கனத்தை இவை எப்படித் தாங்கும் என்று மனது கேட்கிறது, பதில் அந்தக் கூடத்துக்குள் கிடைப்பதில்லை. என் கணிப்பில், பேச்சு நின்றுபோவது இந்த இடத்தில்தான். விமான நிலையக் கூடத்தில் இரும்புச் சட்டம் பளிச்சென்று தெரிகிறது. இது இதைத் தாங்குகிறது என்று ஒரு நொடியில் புரிந்துவிடுகிறது, அதோடு கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது.

அடுத்து வெளிச்சம். இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரிய ஜன்னல், ஆகவே உள்ளே பிரகாசம் என்று நினைக்கிறார்கள். ஷார்த்ருக்குள் நடுப்பகலில் நுழைந்தாலும் முதலில் இருட்டாகத்தான் இருக்கும். அங்கே இருக்கும் வண்ணக் கண்ணாடியின் பரப்பு 2,500 சதுர மீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி 12, 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. அத்தனையும் அடர்த்தியான நீலம், சிவப்பு. சுவரைத் திறந்துவிட்டு, திறந்த இடத்தை நிறத்தால் மூடினார்கள். வெளியே பார்ப்பதற்கோ படிப்பதற்கோ போட்ட ஜன்னல்கள் இல்லை இவை. ஒளிரும் சுவர்கள் என்று சொல்வதுதான் பொருத்தம்.

சுவரையே ஒளியாக்கும் இந்த எண்ணத்துக்கு எழுத்தில் ஆதாரமும் இருக்கிறது. பாரிஸுக்கு வடக்கே சேன் டெனி மடாலயத்தின் தலைவராக இருந்த சூஜே, தன் கோயிலின் பீடப் பகுதியைப் புதுப்பித்து 1144-இல் அர்ச்சித்தார். அந்த வேலையைப் பற்றி அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் ஒளி வழியாக மனம் அதைவிடப் பெரிய ஒளியை நோக்கி ஏறும் என்பது அவர் நம்பிக்கை. பீடத்தைச் சுற்றிய நடையில் இருந்த சுவர்களை எடுத்துவிட்டு, மெல்லிய தூண்களை வைத்து, ஒளி தடையில்லாமல் பரவும்படி செய்தார். கோதிக்கின் தொடக்கம் என்று பெரும்பாலோர் அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள்.

கண்ணாடியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் குறைகள்தான் அதன் பலம் என்பது தெரியும். உலையில் உருக்கி, ஊதி, விரித்து எடுத்த கண்ணாடி அது. ஒரு துண்டிலேயே ஒரு ஓரம் தடிப்பாகவும் மறு ஓரம் மெல்லியதாகவும் இருக்கும், உள்ளே குமிழிகளும் கோடுகளும் இருக்கும். அதனால் வெயில் அதன் வழியாக நேராக வந்துவிடுவதில்லை, உள்ளேயே சிதறுகிறது, துண்டு முழுக்க ஒளிர்கிறது. நீலம் கோபால்ட் தந்தது. சிவப்பு செம்பு தந்தது. அந்தச் சிவப்பைத் தடிமனாக வார்த்தால் கருப்பாகத்தான் தெரியும் என்பதால், வெள்ளைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகச் சேர்த்தார்கள். முகத்தின் கோடுகள், துணி மடிப்புகள் எல்லாம் கரும்பழுப்புப் பூச்சால் தீட்டி மறுபடி சூளையில் சுட்டவை. துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்தார்கள். அந்த ஈயக் கோடுகள் சித்திரத்தின் வெளிக்கோடாகவும் ஆகிவிடுகின்றன.

நேரம் போகப் போக நிறங்களும் மாறும். சாயங்காலம் வெளிச்சம் குறையும்போது சிவப்பு முதலில் கறுத்துப்போகும், நீலம் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மங்கலில் நம் கண் நீலத்தின் பக்கம் சாய்ந்துவிடுவது இயற்கை. ஷார்த்ரின் தெற்குப் பக்கத்தில் ‘அழகிய கண்ணாடி மாதா’ என்று பெயர் பெற்ற ஜன்னல் இருக்கிறது. 1194 தீயிலிருந்து தப்பிய மாதா உருவம், அதைச் சுற்றி 13-ஆம் நூற்றாண்டில் சேர்த்த தேவதூதர்கள். மாதாவின் உடையில் இருக்கும் வெளிர் நீலம் அந்த ஜன்னலில் வேறு எங்கும் இல்லாத மாதிரி முன்னால் வந்து நிற்கும்.

கீழ் வரிசை ஜன்னல்களைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை சொல்லும் ஜன்னலின் அடியில் செருப்புத் தைப்பவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். நோவா கதையின் அடியில் தச்சர்களும் சக்கரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் பணம் கொடுத்தவர்கள் என்று பலரும், இல்லை, குருமார் திட்டமிட்டுச் சேர்த்த சித்திரம் என்று சிலரும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும், 13-ஆம் நூற்றாண்டுத் தொழிலாளியின் கையும் கருவியும் நம் கண் மட்டத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் மேலே மட்டும் பார்த்துவிட்டு வருவது பெரிய நஷ்டம்.

அமியேனில் பழைய கண்ணாடியில் பெரும்பகுதி போய்விட்டது. அதனால் இன்று அது வெளுப்பாக இருக்கிறது. கட்டட எலும்புகளைத் தெளிவாகப் பார்க்க அது நல்ல இடம், ஆனால் கட்டியவர்கள் மனதில் இருந்த வெளிச்சம் அது இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘கோதிக் என்றால் பளிச்சென்று இருக்கும்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இனி நடப்பது. புகைப்படங்கள் எல்லாம் நடு அச்சில் நின்று எடுத்தவை. அதனால் இந்தக் கூடங்கள் ஒரு நீளக் குகை மாதிரி மனதில் பதிந்துவிடுகின்றன. உண்மையில் இவற்றை அனுபவிக்கப் பக்கக் கூடத்தில் நடக்க வேண்டும். அங்கே கூரை தாழ்வு. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் இரண்டு தூண்களுக்கு நடுவே நடுக்கூடம் சாய்வாகத் திறக்கும், மறையும், மறுபடி திறக்கும். நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டும் குறுக்குக்கூடத்தை எட்டியதும் இரண்டு பக்கமும் ஒரேயடியாக விலகிக்கொள்ளும், வட்டமான ரோஜா ஜன்னல்கள் எதிர்படும். அதைத் தாண்டிப் பீடத்தைச் சுற்றிய நடையில் போனால் பாதை வளையும், எதிரே எப்போதும் அடுத்த சிற்றாலயம் பாதிதான் தெரியும். ஷார்த்ரில் மாதாவின் உடை என்று போற்றப்படும் துணி இருக்கிறது. அதைத் தேடி யாத்ரிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பூசை நடக்கும்போது அதைக் கலைக்காமல் அவர்கள் சுற்றி வந்து போக இந்த நடை வசதியாக இருந்தது.

இந்த விஷயத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஷார்த்ர் இல்லை, பூர்ஜ் பேராலயம். 1195-இல், ஷார்த்ரின் மறுகட்டுமானம் தொடங்கிய அதே சமயத்தில், வேறு ஒரு யோசனையோடு எழுந்தது. அங்கே குறுக்குக்கூடமே கிடையாது. நடுக்கூடம், அதன் இரு பக்கமும் இரண்டிரண்டு பக்கக் கூடங்கள், மொத்தம் ஐந்து. ஓரத்தில் இருப்பது சுமார் 9 மீட்டர் உயரம், அதற்கு உள்ளே இருப்பது 21 மீட்டர், நடுவே 37 மீட்டர். நடுக்கூடத்துத் தூண்கள் மிக உயரம் என்பதால் அவற்றின் இடைவெளி வழியாகப் பார்த்தால் உள் பக்கக் கூடத்தின் சுவர், அதன் ஜன்னல், அதற்கும் பின்னால் ஓரக் கூடம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். ஷார்த்ரில் கண் மேலே போகிறது. பூர்ஜில் மேலேயும் போகிறது, பக்கவாட்டிலும் போகிறது. எல்லை எங்கே என்று பிடிபடுவதில்லை. பாரிஸிலிருந்து தூரம் என்பதால் சுற்றுலாக்காரர்கள் அதிகம் போவதில்லை, அது ஒரு அநியாயம்.

இன்று நாம் பார்ப்பது அன்று பார்த்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வாசலில் நின்றால் கடைக்கோடிப் பீடம் வரை பார்வை போகிறதே, அது பின்னாளில் வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் நடுக்கூடத்துக்கும் குருமார் பகுதிக்கும் நடுவே சிற்பங்கள் நிறைந்த கல் தடுப்பு ஒன்று இருந்தது. ஷார்த்ரில் அதை 1763-இல் இடித்தார்கள். சாதாரண மக்களுக்குப் பீடத்தில் நடப்பது முழுதாகத் தெரிந்திருக்காது. உட்கார நாற்காலி வரிசைகளும் கிடையாது. பெரிய வெறும் தரை, அதில் நின்றும் நடந்தும் மண்டியிட்டும் இருந்த ஜனம். ஷார்த்ர் தரையில் சுமார் 13 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டச் சுற்றுப்பாதை பதித்திருக்கிறார்கள், நடந்தால் 260 மீட்டருக்கு மேல் வரும். நாற்காலி போட்டு மூடிவிட்டால் அது இருப்பதே தெரியாது.

சுவர்களும் வெறும் கல்லாக இருந்ததில்லை. ஷார்த்ரில் உள்சுவருக்கு வெளிர் மஞ்சள் பூசி, அதன் மேல் வெள்ளையில் கல் இணைப்புக் கோடுகள் தீட்டியிருந்தார்கள். 2008-க்குப் பிறகு நடந்த சீரமைப்பில் அந்த நிறத்தை மீட்டபோது பெரிய சண்டை. நூற்றாண்டுக் கணக்கில் படிந்த மெழுகுவத்திப் புகைக் கறுப்பில்தான் கண்ணாடி அதிகம் ஜொலித்தது என்று ஒரு தரப்பு வாதாடியது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுவர் வெளுத்தால் கண்ணாடியின் ஆழம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனாலும் கட்டியவர்கள் பூசிய நிறம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அழுக்கைக் காப்பாற்றச் சொல்வது எனக்கு ஏற்கவில்லை.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம். கல்லும் கண்ணாடியும் ஒலியை உறிஞ்சுவதில்லை. நோத்ர தாமில் தீ விபத்துக்கு முன் அளந்தபோது ஒரு ஒலி அடங்க ஏறத்தாழ 6 நொடி ஆனது. இப்படிப்பட்ட இடத்தில் வேகமாகப் பேசினால் ஒன்றும் புரியாது. நீட்டிப் பாடினால் முந்தைய ஸ்வரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதோடு கலக்கும். லெயோனன், பெரோத்தன் என்ற இரண்டு இசையமைப்பாளர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பல குரல் இசை, அந்தப் பேராலயம் எழுந்துகொண்டிருந்த காலத்தில் அங்கேயே வளர்ந்தது. ஒரு குரல் ஒரே ஸ்வரத்தை வெகு நேரம் பிடித்திருக்க, மற்றவை அதன் மேல் ஓடும். அந்தக் கூடத்துக்கு அது பொருந்துவதில் ஆச்சரியமில்லை.

இத்தனையையும் கணக்குப் போட்டுத் துல்லியமாகச் செய்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய விசை இயல் அவர்களிடம் இல்லை. வடிவ விகிதம், கயிறு, காம்பஸ், முந்தைய கட்டடத்தின் அனுபவம், இவ்வளவுதான். அதனால் எல்லை எங்கே என்பது இடிந்தால்தான் தெரிந்தது. 1225-இல் ஆரம்பித்த போவே பேராலயத்தின் பீடப் பகுதிக்கு 48 மீட்டர் உயரத்தில் கூரை போட்டார்கள். வேறு எந்த கோதிக் கல் கூரையும் அந்த உயரத்தை எட்டவில்லை. 1284-இல் அதில் ஒரு பகுதி விழுந்தது. தூண்களுக்கு நடுவே கூடுதல் தூண்கள் சேர்த்து மறுபடி கட்டினார்கள். இன்று அங்கே போனால் வளைவுகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்க்கலாம், அந்த விபத்தின் தடம் அது. 16-ஆம் நூற்றாண்டில் குறுக்குக்கூடத்தின் மேல் 150 மீட்டருக்கும் அதிகமான கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். 1573-இல் அதுவும் சரிந்தது. நடுக்கூடம் கட்டவே இல்லை. இன்றும் உள்ளே முட்டுச் சட்டங்கள் நிற்கின்றன.

அமியேனும் தப்பவில்லை. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தூண்கள் விலக ஆரம்பித்தன. கீழ் வளைவுகளுக்கும் மேல் ஜன்னல்களுக்கும் நடுவே இருக்கும் நடு மாடத்தின் மட்டத்தில் இரும்புச் சங்கிலி ஒன்றைச் சூடாகப் பூட்டி, அது ஆறிச் சுருங்கும்போது சுவர்களை இழுத்துப் பிடிக்கும்படி செய்தார்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. நோத்ர தாமில் தீ விபத்துக்குப் பிறகு ஆராய்ந்தபோது, முதல் கட்ட வேலையிலேயே கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்திருந்ததும் தெரியவந்தது. கல்லின் சாதனை என்று நாம் கொண்டாடுவதில் இரும்புக்கும் பங்கு உண்டு.

இங்கிலாந்துக்காரர்கள் உயரப் போட்டியில் இவ்வளவு தீவிரமாக இறங்கவில்லை. நீளத்தையும் கூரை வேலைப்பாட்டையும் பிடித்துக்கொண்டார்கள். வெல்ஸ் பேராலயத்தில் 1338-க்குப் பிறகு கோபுரம் அமுங்கியபோது, அதைத் தாங்க நடுக்கூடத்துக்குக் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்று தலைகீழாக வைத்த கத்தரிக்கோல் வளைவுகளைக் கட்டினார்கள். அங்கே தாங்கும் உறுப்பு பளிச்சென்று கண்முன் நிற்கிறது. பார்க்க அற்புதம், ஆனால் நான் மேலே சொன்ன மறைக்கும் உத்திக்கு நேர் எதிர்.

போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், கேள்விக்கான பதிலை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். உள்ளே நுழைந்ததும் கேமராவை எடுக்காமல் ஒரு கால் மணி நேரம் பக்கக் கூடத்தில் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் கண்ணாடி பேச ஆரம்பிக்கும். ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் மேல் ஜன்னல்களின் முகங்களைப் பார்க்கலாம். பிறகு சுவரை ஒட்டி மெதுவாக ஒரு முழுச் சுற்று. அப்புறம் வெளியே வந்து கிழக்குக் கோடியைச் சுற்றி நடந்து, உள்ளே எந்தத் தூணைப் பார்த்தீர்களோ அதற்கு நேரே வெளியே எந்த முட்டு நிற்கிறது என்று தேடுங்கள். ஷார்த்ரில் இரண்டு முட்டு வளைவுகளை, சக்கர ஆரக்கால் மாதிரி சின்னத் தூண்களால் இணைத்திருப்பதை அப்போது பார்ப்பீர்கள். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஷார்த்ருக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அதற்கே போங்கள். இரண்டாவது நாள் கிடைத்தால் அமியேனுக்குப் போகாதீர்கள், பூர்ஜுக்குப் போங்கள்.